கால் இல்லாமல் நடக்கும் உயிர்



இன்று ஓர் உயிரைப் பற்றிப் பேசப் போகிறேன். அதற்குக் கை இல்லை. கால் இல்லை. வாயும் இல்லை. ஆனால் நடக்கும், சாப்பிடும். அதன் பெயர் அமீபா.

வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, நம் உடம்புக்குச் செல் அப்படி. கோடி கோடியான செல்கள் சேர்ந்ததுதான் நாம். அமீபாவுக்கு ஒரே ஒரு செல். ஒற்றைச் செங்கல்லே முழு வீடு!

குளத்தின் அடியில், அழுகிய இலைகளின் நடுவே அமீபா இருக்கும். பெரிய வகை அரை மில்லிமீட்டர் வரும். மற்றவற்றைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டும்.

அது எப்படி நடக்கிறது? அதன் உள்ளே கூழ் போன்ற பொருள் இருக்கிறது. ஓரத்தில் கெட்டி. நடுவில் இளக்கம். போக வேண்டிய பக்கம் உடம்பு கொஞ்சம் பிதுங்கும். இளகிய கூழ் அதற்குள் பாயும். பாய்ந்த கூழ் ஓரத்தில் இறுகும். பின்னால் இறுகியிருந்தது இளகி முன்னே ஓடும். இப்படியே உடம்பு முழுவதும் நகர்ந்துவிடும். கூழுக்குள் இருக்கும் மிக மெல்லிய புரத நூல்கள்தான் இந்த வேலையைச் செய்கின்றன.

பிதுங்கிய அந்தப் பகுதிக்குப் போலிக்கால் என்று பெயர். பொய்க்கால் குதிரை ஆடுபவர் கட்டும் கால் ஆட்டம் முடியும்வரை இருக்கும். அமீபாவின் கால் அப்படி இல்லை. வேண்டும்போது முளைக்கும். வேலை முடிந்ததும் உடம்போடு கலந்துவிடும். ஒரு மணி நேரம் நடந்தால் சுமார் ஒரு விரல் அகலம் போகும். அவ்வளவுதான்.

சாப்பிடுவதும் இந்தக் காலால்தான். பாக்டீரியா கிருமி எதிரே வந்தால் போலிக்கால்கள் அதைச் சுற்றி வளைக்கும். கொழுக்கட்டை மாவு பூரணத்தை மூடுவதுபோல மூடிக்கொள்ளும். உள்ளே போன உணவு ஒரு குமிழில் செரிக்கும். மிச்சத்தை வெளியே தள்ளிவிட்டு அமீபா தன் வழியே போகும்.

பள்ளியில் எங்களை அமீபா படம் வரையச் சொன்னார்கள். சீதபேதிக்கும் அதற்கும் உள்ள உறவை யாரும் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளியில் படம் வரைந்த அந்த அமீபா நமக்குக் கெடுதல் செய்வதில்லை. அதன் உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். எண்டமீபா என்று பெயர். 1875ஆம் ஆண்டு ரஷ்யாவில் லோஷ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியின் மலத்தில் இதைக் கண்டார். இது ஒரு கூட்டுக்குள் ஒடுங்கியபடி நம் வயிற்றுக்குள் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் எண்பது கூடுகளை வரிசையாக வைக்கலாம். அவ்வளவு சிறியது. குடலில் கூடு திறக்கும். அமீபா வெளியே வரும். சிலருக்கு அது பெருங்குடலின் சுவரை அரித்துப் புண்ணாக்கும். ரத்தத்தின் சிவப்பு அணுக்களைப் போலிக்காலால் வளைத்து விழுங்கும். அதனால்தான் சீதமும் ரத்தமும் போகிறது. கல்லீரலுக்குப் போய்ச் சீழ்க்கட்டி உண்டாக்குவதும் உண்டு.

பலருக்கு நோயே தெரியாது. ஆனால் அவர்கள் மலத்திலும் கூடுகள் போகும். அங்கிருந்து தண்ணீருக்கும், கழுவாத கைக்கும், பச்சைக் காய்க்கும் வரும். தண்ணீர் தெளிவாக இருக்கிறதே என்று நம்ப முடியாது. குழாய்த் தண்ணீரில் போடும் அளவு குளோரினுக்கு இந்தக் கூடு எளிதில் சாகாது. கொதிக்க வைத்தால் சாகும். நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ரத்தம் போனால் கடையில் மாத்திரை கேட்டு வாங்காதீர்கள். பாக்டீரியாவாலும் ரத்தபேதி வரும். அதற்கு மருந்து வேறு. மலத்தைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழந்தை என்றால் அன்றைக்கே போங்கள். போகும் வழியிலும் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் போலிக்கால் நீட்டித்தான் ஊர்கின்றன. கிருமியை அதே மாதிரி வளைத்து விழுங்குகின்றன. 1882இல் இத்தாலியின் மெசினா நகரில் மெச்னிகோவ் என்பவர் நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் முள்ளைச் சுற்றி ஊரும் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் காலில் முள் குத்தினாலும் இப்படித்தான் கூடுகின்றன. புண்ணில் வரும் சீழில் இருப்பது பெரும்பாலும் கிருமியை விழுங்கிச் செத்துப்போன வெள்ளை அணுக்கள்தான்.