அபிநயத்தில் வாழ்ந்த வெங்கடலட்சம்மா

கே. வெங்கடலட்சம்மா 1906-இல் கடூர்ப் பக்கம் ஒரு லம்பாடிக் குடியிருப்பில் (தாண்டாவில்) பிறந்தவர். எட்டு வயதில் மைசூரின் புகழ்பெற்ற ஜட்டி தாயம்மாவிடம் நாட்டியம் கற்கச் சேர்ந்தார். மைசூர் சமஸ்தானத்தில், நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் அவையில் ஆஸ்தான விதுஷியானார். அபிநயம்தான் அவருக்கு உயிர். பதத்தின் ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாட, ஒவ்வொரு முறையும் கண்ணும் புருவமும் விரல்களும் புதுப் பொருள் சொல்லும். நாட்டியத்தில் இதைவிட அரிய திறமை இல்லை. மன்னராட்சி போன பின்னும் அவர் கலையை விடவில்லை. 1965-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் நடனத்துறை தொடங்கியபோது அதன் முதல் ரீடரானார். பழைய மைசூர்ப் பாணியை இளையவர்கள் கையில் பத்திரமாகச் சேர்த்தார். 1992-இல் பத்மபூஷண் விருது வந்தது. 2002-இல், தமது 96-ஆம் வயதில் காலமானார்.