சத்தியவாணி முத்து அம்மையார்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழுப் பிரதிநிதி ஒருவர் பேசியது)



ஒவ்வொரு வருஷமும் ஆண்டு விழாவில் ஒரு பெண் தலைவரைப் பத்தி ஒருத்தர் பேசணும்னு நம்ம கூட்டமைப்பில் வழக்கம். போன வருஷம் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரைப் பத்தி பேசினாங்க. இந்த வருஷம் என்னைக் கேட்டப்போ, நான் சத்தியவாணி முத்து அம்மையாரைப் பத்தி பேசறேன்னு சொன்னேன். "யாரு, தையல் மிஷின் திட்டமா?"ன்னு கேட்டாங்க. ஆமாம், அதே பேர்தான். நம்ம பக்கம் அந்தப் பேர் ஒரு திட்டத்தோட பேரா ஆயிடுச்சு. "சத்தியவாணி முத்துல மனு போட்டியா?"ன்னுதான் கேக்கறோம். அவங்க ஒரு மனுஷி, நடந்தாங்க, பேசினாங்க, ஜெயிலுக்குப் போனாங்க, டெல்லி வரைக்கும் போய் மந்திரியா இருந்தாங்கங்கறது நிறைய பேருக்குத் தெரியாது.

எங்க ஓரகத்தி அந்தத் திட்டத்தில் மிஷின் வாங்கினாங்க. அவங்க வீட்டுக்காரர் தவறினப்போ ரெண்டு பிள்ளைங்களும் சின்னது. ஆறு மாசம் தையல் பயிற்சி முடிச்ச சான்றிதழ், வருமானச் சான்று, விதவைச் சான்று எல்லாம் வச்சு மனு போட்டோம். அப்போ வருஷ வருமானம் 72,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், வயசு 20-லிருந்து 40-க்குள்ள இருக்கணும்னு விதி இருந்துச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. மிஷின் கொடுத்த அன்னைக்கு மேடையில் அந்தப் பேரை முழுசா வாசிச்சாங்க, சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம்னு. வீட்டுக்கு வந்து ஓரகத்தி என்னைக் கேட்டாங்க, "நீ பத்தாவது படிச்சவ தானே, யாரு இவங்க?"ன்னு. எங்க பாடப் புத்தகத்தில் இல்லை. அப்புறம் எங்க தெருவில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்ட கேட்டுத்தான் முதல்ல தெரிஞ்சுக்கிட்டேன்.

இங்க எல்லாக் கட்சிக்காரங்களும் உட்கார்ந்திருக்கோம். சூரியனும் இருக்கு, இலையும் இருக்கு, கையும் இருக்கு. நான் கட்சி பேச வரலை. ஆனா இவங்க கதையைச் சொன்னா கட்சி வரும், அதை மறைச்சுப் பேசவும் முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கங்க.

அவங்க பிறந்தது 1923, பிப்ரவரி 15. தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்தவங்க. முத்துங்கறது அவங்க வீட்டுக்காரர் பேர். 1949-ல அண்ணா தி.மு.க.வை ஆரம்பிச்சப்போ, ஆரம்பத்தில் இருந்தே அதில் இருந்தாங்க. அந்தக் காலத்தில் ஒரு பொம்பளை மேடை ஏறிப் பேசறதுன்னா சாதாரணம் இல்லை. அதுலயும் இந்தச் சாதியில் பிறந்த பொம்பளை. நான் இன்னைக்கு இந்த மைக்கைப் பிடிக்கறதுக்கே ஒரு வாரமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன். எதிர்ல உட்கார்ந்திருக்கறது எல்லாம் நம்ம அக்கா தங்கச்சிங்கதான். அவங்களுக்கு எதிர்ல ஆயிரக்கணக்கான ஆம்பளைங்க.

1953-ல குலக்கல்வித் திட்டம்னு ஒண்ணு வந்துச்சு. ராஜாஜி முதல் மந்திரியா இருந்தப்போ. கிராமத்துப் பிள்ளைங்க மூணு மணி நேரம் பள்ளிக்கூடம் போனா போதும், மிச்ச நேரம் அப்பா அம்மா செய்யற தொழிலைக் கத்துக்கணும். அவர் நல்லதுன்னு நினைச்சுத்தான் கொண்டு வந்திருக்கலாம். பள்ளிக்கூடமும் வாத்தியாரும் பத்தலை, அரை நாள் அரை நாளா நடத்தினா நிறைய பிள்ளைங்க படிக்கலாம்னு காரணமும் சொன்னாங்க. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. தட்டார் பிள்ளை நகை வேலை கத்துக்கும், தச்சர் பிள்ளை உளி பிடிக்கும். எங்க தாத்தா பண்ணையில் ஆள் வேலை செஞ்சவர். அவர் பிள்ளை மிச்ச நேரத்தில் என்னத்தைக் கத்துக்கும்? சாணி அள்ளவும் மாடு மேய்க்கவும் தான். அதுக்குப் பேர் தொழிலா? அந்தத் திட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தில் சத்தியவாணி முத்து அம்மையாரும் ஜெயிலுக்குப் போனாங்க. மறு வருஷம் 1954-ல ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து அந்தத் திட்டத்தை எடுத்துட்டார். அது எடுபடாம இருந்திருந்தா எங்க அப்பா அஞ்சாவது வரைக்கும் படிச்சிருக்க மாட்டார். அவர் படிச்சதாலதான் என்னைப் பத்தாவது வரைக்கும் அனுப்பினார். இதை நான் மேடைக்காகச் சொல்லலை.

1957-ல தி.மு.க. முதல் தடவையா சட்டமன்றத் தேர்தல்ல நின்னுச்சு. மொத்தமே 15 பேர் தான் ஜெயிச்சாங்க. அண்ணா காஞ்சிபுரத்தில், கலைஞர் குளித்தலையில். அந்த 15 பேரில் இவங்களும் ஒருத்தர், சென்னை பெரம்பூரில். 1962-ல அவங்க தோத்துட்டாங்க. அந்தத் தடவை அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோத்தார். தோத்துட்டோம்னு வீட்டில் உட்காரலை, கட்சிக்கு ஊர் ஊராப் போய்ப் பேசினாங்க. 'அன்னை'ன்னு ஒரு பத்திரிகைக்கு ஆசிரியராவும் இருந்தாங்க. 1967-ல மறுபடியும் பெரம்பூரில் ஜெயிச்சாங்க, ஆட்சியும் வந்துச்சு.

அண்ணாவோட முதல் மந்திரி சபையில் மொத்தம் 9 பேர். அதில் ஒரே பெண் இவங்கதான். நம்ம மாநிலத்தில் அதுக்கு முன்னாடியும் பெண் மந்திரி இருந்திருக்காங்க, காங்கிரஸ் ஆட்சியில் ஜோதி வெங்கடாசலம் அம்மா இருந்தாங்க. ஆனா ஒரு புதுக் கட்சி முதல் முதலா ஆட்சிக்கு வரும்போது, அந்த ஒன்பது நாற்காலியில் ஒண்ணு ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணுக்குக் கிடைச்சது பெரிய விஷயம். அரிசன நலத்துறையும் செய்தித்துறையும் கொடுத்தாங்க. அப்போ அரிசன நலம்னு பேர், இப்போ ஆதிதிராவிடர் நலம். நம்ம பிள்ளைங்க தங்கிப் படிக்கற விடுதி போர்டுல பாத்திருப்பீங்க.

அவங்க மந்திரியா இருக்கும்போதே தான் 1968 டிசம்பர் 25-ல கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வச்சு எரிச்சாங்க. கூலி கூடக் கேட்ட விவசாயக் கூலி ஜனங்க. செத்ததில் நிறைய பேர் பொம்பளைங்களும் குழந்தைங்களும். இதைப் படிக்கும்போது நான் அந்த அம்மாவைத்தான் நினைச்சேன். அந்த ஜனங்களோட நலத்துக்குன்னு இருக்கற துறையில் மந்திரியா உட்கார்ந்திருக்கும்போது அந்தச் சேதி காதுல விழுந்தா எப்படி இருந்திருக்கும். நாற்காலி இருந்தாலும் கைக்கு எட்டாதது எவ்வளவோ இருக்கு.

அண்ணா 1969 பிப்ரவரியில் தவறிட்டார். கலைஞர் முதல் மந்திரி ஆனார். அவர் மந்திரி சபையிலும் இவங்க இருந்தாங்க. 1974-ல மந்திரி பதவியையும் விட்டுட்டு, கட்சியையும் விட்டு வெளியே வந்தாங்க. தாழ்த்தப்பட்ட ஜனங்களைக் கட்சியும் ஆட்சியும் சரியா நடத்தலைங்கறது அவங்க சொன்ன காரணம். எதிர் தரப்பில் அதை ஒத்துக்கலை. யார் சொன்னது சரின்னு தீர்ப்புச் சொல்ல நான் யாரு. ஆனா எனக்குத் தோணறதைச் சொல்றேன். இருபத்தஞ்சு வருஷம் உழைச்ச கட்சி. கார் இருக்கு, பங்களா இருக்கு, மந்திரின்னு மரியாதை இருக்கு. வாயை மூடிக்கிட்டு இருந்தா அதெல்லாம் அப்படியே இருக்கும். அதை விட்டுட்டு வெளியே வந்து, தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம்னு சொந்தமா ஒரு கட்சி ஆரம்பிச்சாங்க. அந்தக் கட்சி பெருசா வளரலை. 1977-ல எம்.ஜி.ஆர். கட்சியோட சேர்த்துட்டாங்க. வளராத கட்சிதானேன்னு அதைச் சின்னதா எடுத்துக்கக் கூடாது. இருக்கற இடத்தில் இது சரியில்லைன்னு எழுந்து சொல்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு குழுக் கூட்டத்தில் ஒரு தடவை கணக்கு கேட்டுப் பாத்தவங்களுக்குத் தெரியும். (இங்க கூட்டத்தில் சிரிச்சாங்க.)

1978-ல மாநிலங்களவை எம்.பி. ஆகி டெல்லிக்குப் போனாங்க, 1984 வரைக்கும் இருந்தாங்க. 1979-ல சரண் சிங் பிரதமரா இருந்தப்போ அ.தி.மு.க.வுக்கு ரெண்டு மந்திரி பதவி கிடைச்சுது. ஒருத்தர் பாண்டிச்சேரியில் ஜெயிச்ச எம்.பி., இன்னொருத்தர் நம்ம சத்தியவாணி முத்து அம்மையார், சமூக நலத்துறை. திராவிடக் கட்சிகளில் இருந்து மத்திய மந்திரி ஆன முதல் ரெண்டு பேர் இவங்கதான். அதுக்கு அப்புறம் எத்தனையோ பேர் டெல்லியில் மந்திரி ஆகிட்டாங்க, முதல்ல போன பொம்பளை பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை. அந்த ஆட்சி நிலைக்கலை. ஆகஸ்ட் 20-ஆம் தேதியே சரண் சிங் ராஜினாமா பண்ணிட்டார், தேர்தல் வரைக்கும் காபந்து சர்க்காரா ஓடுச்சு. அதனால இவங்க டெல்லியில் இருந்து பெருசா ஒண்ணும் செய்ய நேரம் கிடைக்கலை. 1999 நவம்பர் 11-ல, 76 வயசில் தவறினாங்க.

இப்போ அவங்க பேரில் இருக்கற திட்டம் சமூக நலத்துறையில் தான் இருக்கு. ஆட்சி மாறி மாறி வந்தாலும் அந்தப் பேரை யாரும் எடுக்கலை. ஒரு கட்சியில் இருந்து விலகி இன்னொரு கட்சிக்குப் போனவங்க பேரை ரெண்டு கட்சி ஆட்சியிலும் வச்சிருக்காங்கன்னா, அது எனக்கு ஆச்சரியமா இருக்கு.

இன்னைக்கு ஊராட்சியில் பாதி இடம் பெண்களுக்குன்னு வந்துடுச்சு. நல்லது. ஆனா பல ஊர்ல தலைவி பேர் போர்டில் இருக்கும், வீட்டுக்காரர் நாற்காலியில் இருப்பார். எந்த ஊர்னு நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். 1967-ல ஒன்பது பேரில் ஒத்தைப் பொம்பளையா உட்கார்ந்தவங்களுக்குப் பதிலா யாரும் போய் உட்காரலை.

இப்போ நம்ம விஷயத்துக்கு வரேன். எங்க ஓரகத்திக்கு மிஷின் வந்த புதுசுல துணி கொடுத்தது எங்க காலனித் தெரு ஜனங்க மட்டும் தான். அவங்க தையல் நல்லா இருக்கும், ஜாக்கெட் கை, கழுத்து எல்லாம் அளவு தப்பாது. ஆனா ஊர்ப் பக்கத்தில் இருந்து ஒரு ஜாக்கெட் துணி வரலை. ரெண்டு வருஷம் அப்படித்தான் போச்சு. அப்புறம் குழுவெல்லாம் சேர்ந்து கூட்டமைப்பு ஆகி, ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே நோட்டில் கையெழுத்துப் போட ஆரம்பிச்ச பிறகு, மேலத் தெரு அக்கா ஒருத்தர் தன் மக சீருக்கு ஆறு ஜாக்கெட் கொண்டு வந்து கொடுத்தாங்க. அந்த அக்கா இங்கதான் உட்கார்ந்திருக்காங்க. பேரைச் சொன்னா கோவிச்சுக்குவாங்க. அதுக்கு அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்க ஓரகத்தி ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் தைக்கறாங்க.

நம்ம கூட்டமைப்பில் தையல் கூடம் ஆரம்பிக்கறதுன்னு போன மாசம் பேசினோம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கற வேலையை மகளிர் தையல் தொழில் கூட்டுறவு சங்கத்தில் உறுப்பினர் ஆனவங்களுக்குத் தர்றாங்க. நம்மளில் தையல் தெரிஞ்சவங்க அதில் சேர்ந்துட்டா, கூடமும் இருந்துட்டா, ஜூன் மாசத்தில் வேலைக்குப் பஞ்சம் இருக்காது. இடம் எங்கங்கறதில் தான் பேச்சு நின்னு போச்சு. மெயின் ரோட்டில் வாடகைக்கு ஒரு ரூம் பாக்கலாம்னு சொன்னாங்க. முன்பணம், மாச வாடகை, கரண்ட்டுன்னு போட்டுப் பாத்தா, முதல் வருஷ வருமானம் அதுக்கே சரியாப் போகும்.

எங்க காலனியில் சமுதாயக் கூடம் இருக்கு. வருஷத்தில் நாலு கல்யாணம், ஒரு தேர்தல், அவ்வளவுதான் அதுக்கு வேலை. கரண்ட் இருக்கு, ரெண்டு ஃபேன் ஓடுது, பக்கத்திலேயே தண்ணிக் குழாய். வாடகை இல்லை, ஊராட்சியில் ஒரு மனு கொடுத்தாப் போதும். மெயின் ரோட்டில் இருந்து நடந்தா ஆறு நிமிஷம், நான் நடந்து பாத்தேன். இதுவரைக்கும் நம்ம கூட்டமைப்புக் கூட்டம் ஒண்ணுகூட எங்க தெருவில் நடந்தது இல்லை. தையல் கூடம் அங்க வந்தா, எல்லாத் தெரு அக்காங்களும் தினமும் அங்க வருவீங்க. வரணும்னுதான் நான் கேக்கறேன், ஒளிச்சுச் சொல்லலை.

வர்ற செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமா வைக்கச் சொல்லி எங்க குழு சார்பா எழுதிக் கொடுத்திருக்கோம். உங்க குழுவில் தையல் தெரிஞ்சவங்க எத்தனை பேர், சான்றிதழ் இருக்கறவங்க எத்தனை பேர்னு அதுக்குள்ள எழுதிக் கொண்டு வாங்க. கூடத்துச் சாவி எங்க தெருவில் தான் இருக்கு. முன்னாடியே வந்து பாக்கணும்னா எந்த நாளும் வரலாம், டீ எங்க வீட்டில்.