நீரை மட்டுமல்ல, சேற்றையும் சோதிக்க வேண்டும்!
(கடையநல்லூர் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



கருப்பாநதிப் பாசன வயல்களிலே பாடுபடுகிறவர்களும், தறியிலும் மில்லிலும் உழைக்கிறவர்களும் இங்கே கூடியிருக்கிறோம். குளம் வற்றினால் மீன் பிடித்துக் குழம்பு வைக்கிறவர்கள் நாம். மீனுக்குள் என்ன இருக்கிறது என்பது நம் வயிற்றுப் பிரச்னை.

ஆலைக் கழிவு கலந்த பிறகு ஒரு புட்டி நீரை மொண்டு சோதித்து, "தெளிவாயிருக்கிறது" என்றால் போதுமா? போதாது. பாதரசம் போன்ற நஞ்சு பெரும்பாலும் வண்டலோடு ஒட்டி அடியிலே படிகிறது. காற்றுப் புகாத சேற்றிலே நுண்ணுயிர்கள் அதை மெதில் பாதரசமாக மாற்றுகின்றன. சேற்றுப் புழுவுக்குள் அது புகுகிறது. புழுவைக் கெண்டை தின்கிறது. கெண்டையை விரால் தின்கிறது. விராலை நாம் தின்கிறோம். உடலை விட்டுக் கழிவது கொஞ்சம், சேருவது அதிகம். லேவாதேவிக்காரனின் வட்டிக்கு வட்டி போலப் படிக்குப் படி ஏறுகிறது! கழுவினாலும், கொதிக்க வைத்தாலும் போகாது.

இதை முன்கூட்டியே அறிய முடியாதா? முடியும். சேற்றை எடுத்து, அதிலே புழுக்களை 28 நாள் வாழவிட்டு, அவற்றின் உடலில் ஏறிய நஞ்சை அளக்கிறார்கள். சேற்றில் இருந்தது எவ்வளவு, புழுவில் ஏறியது எவ்வளவு என்ற விகிதம் கிடைக்கிறது. மக்கு நிறைந்த சேறு நஞ்சைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் மணல் அப்படிப் பிடிக்காது. ஆகவே சேற்றின் தன்மையையும், மீன் தின்னும் இரையையும், அதன் வயதையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாளை மீனில் எவ்வளவு ஏறும் என்று இன்றே மதிப்பிடலாம்.

கணக்கிடாவிட்டால் என்ன நேரும்? ஜப்பானிலே மினமாட்டா கடற்கரையில் மீன் தின்ற ஏழைகளுக்கு நரம்பு நோய் கண்டது 1956-இல் வெளியாயிற்று. ஆலை பாதரசத்தை விடுவது நின்றதோ 1968-இல்தான்! பன்னிரண்டு ஆண்டுகள்!

நம் மாநிலத்திலேயே கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. பாதரசம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய இரும்புக் கடையிலே கிடந்தது 2001-இல் அம்பலமாகி, தொழிற்சாலை மூடப்பட்டது. ஏரியின் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016-இல். பாதரசத்தைக் கையால் தொட்டவன் தொழிலாளி. பதினைந்து ஆண்டு போராடியவனும் அவனே.

நம் குளங்களில் நஞ்சு இருக்கிறதென்று நாம் கூறவில்லை. சோதிக்காமல் இல்லையென்று எவரும் கூறவும் முடியாது. ஆகவே நாம் கேட்பது மூன்று: ஆலைக்கு அனுமதி தருமுன் மீனில் ஏறப்போகும் நஞ்சைக் கணக்கிடு! நீரோடு சேற்றையும் மீனையும் ஆண்டுதோறும் சோதி! முடிவைத் தமிழிலே எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

மில் தொழிலாளிக்குக் கழிவு எந்த வாய்க்காலில் போகிறதென்று தெரியும். விவசாயத் தொழிலாளிக்கு எந்த மடையில் மீன் செத்து மிதக்கிறதென்று தெரியும். இருவரும் சேர்ந்து கேட்போம்!