திருவண்டப்பகுதியும் உதகைச் சரிவும்



எனக்கு முன்னே பேசிய நண்பர், பிரபஞ்சம் விரிகிறது என்பதை மேல்நாட்டார் 1929இல்தான் கண்டுகொண்டார்கள் என்றும், நம் மாணிக்கவாசகரோ அதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே திருவாசகத்தின் திருவண்டப்பகுதியில் சொல்லி முடித்துவிட்டார் என்றும் முழங்கியபோது, நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். திருவாசகத்தின்மேல் உள்ள பிரியத்தால் என் கைகளும் ஒரு கணம் எழுந்தன. எழுந்த கைகளை ஏன் மீண்டும் மடியில் போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன்; கேளுங்கள்.

வானியலாளர் ஹப்பிள் 1929இல் வெளியிட்டது ஒரு கணக்கு. சில நட்சத்திரங்கள் மங்கி மங்கி ஒளிர எடுத்துக்கொள்ளும் காலத்துக்கும் அவற்றின் உண்மையான பிரகாசத்துக்கும் சம்பந்தம் உண்டென்று ஹென்றியெட்டா லெவிட் என்ற அம்மையார் 1912இல் கண்டுசொன்னதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஹப்பிள் நட்சத்திர மண்டலங்களின் தூரத்தை அளந்தார். அவை விலகும் வேகத்தை அதன் பக்கத்தில் எழுதினார். தூரம் இரட்டித்தால் வேகமும் இரட்டித்தது. இங்கே சிங்கப்பூரில் பஃபலோ சாலையில் மல்லிகை தொடுக்கும் அம்மாள், வாழை நாருக்குப் பதிலாக ரப்பர் இழையில் தொடுத்து இரு முனையையும் பிடித்து இழுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மொட்டில் ஓர் எறும்பு உட்கார்ந்து பார்த்தாலும் மற்ற மொட்டெல்லாம் தன்னைவிட்டு விலகுவதாகவே அதற்குத் தோன்றும். பக்கத்து மொட்டு மெல்ல விலகும், பத்தாவது மொட்டு பத்து மடங்கு விரைந்து ஓடும். அந்த எறும்பின் ஸ்தானத்தில்தான் நாம் இருக்கிறோம்.

ஆனால் இத்தனை தூரத்துக்கு இத்தனை வேகம் என்று ஹப்பிள் கொடுத்த எண் தவறு. அதன்படி கணக்கிட்டால் பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டுதான் வந்தது. பூமியின் பாறைகளுக்கோ அதைவிட வயது அதிகம். தாயைவிட மகள் மூத்தவள் என்றால் யார் ஒப்புவார்? ஆகவே 1948இல் ஹாயில், பாண்டி, கோல்ட் என்ற மூவர், பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை, அது விரிய விரியப் புதிய பொருள் தோன்றி இடைவெளியை நிரப்புகிறது, என்றும் அது ஒரே தோற்றத்தில்தான் இருக்கிறது என்று வாதித்தார்கள். அந்த வாதத்துக்கு நியாயம் இருந்தது. எண்ணைச் சொன்னவன் எண்ணாலேயே பிடிபட்டான். நண்பர் காட்டிய செய்யுளை அப்படிப் பிடிக்க வழி உண்டா?

வழக்கு தீர்ந்த விதத்தையும் பாருங்கள். 1964இல் அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கொம்பு வடிவ ஆண்டெனாவில் ஓயாத இரைச்சல் ஒன்றைக் கேட்டு, அதற்குள் குடியிருந்த புறாக்களை விரட்டி, எச்சத்தைத் துடைத்து, அப்போதும் இரைச்சல் நிற்காமற் போகவே, அது வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வருவது என்று உணர்ந்தார்கள். ஆதியில் கொதித்த பிரபஞ்சம் விரிந்து ஆறியபின் மிஞ்சிய வெப்பம் அது. தனிப்பூஜ்யத்துக்கு மேல் ஏறத்தாழ 2.7 கெல்வின்.

இனி நம் ஊர்க் கதை. உதகமண்டலத்துக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் ஸ்வரூப் என்ற பௌதிக அறிஞர் 1970இல் ஒரு ரேடியோ தொலைநோக்கியை எழுப்பினார்: 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்களின்மேல் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். அதை மலைச்சரிவிலே கிடத்தியதில்தான் யுக்தி இருக்கிறது. அந்த ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ அத்தனை பாகை சாய்ந்த சரிவைத் தேடிப் பிடித்ததால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்தது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் கட்டியிருந்தால் ஏறக்குறையச் சரிவே வேண்டியதில்லை. அரைக் கிலோமீட்டர் நிலத்தை யார் தருவார் என்பது வேறு விஷயம். (சிரிப்பு)

சந்திரன் குறுக்கே வந்து ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் கணத்தில் அலை எப்படி மங்குகிறது என்று பதிவு செய்து, அந்த மூலத்தின் கோண அளவை அங்கே கண்டார்கள். இப்படி நூற்றுக்கணக்கில் அளந்தபின், 1975இல் ஸ்வரூப்பும் அவருடன் உழைத்த கபாஹியும், மங்கலான, ஆகவே வெகு தொலைவிலிருந்து பண்டைக் காலத்து அலையைத் தரும் மூலங்களின் அளவுகள் என்றும் மாறாத பிரபஞ்சத்தின் கணக்கோடு ஒத்துவரவில்லை, அக்காலத்துப் பிரபஞ்சம் இக்காலத்ததைப்போல் இருந்ததில்லை என்று எழுதினார்கள். அப்போது ஹாயிலின் மாணவரும் மாறாப் பிரபஞ்சக் கொள்கையின் பெரும் வக்கீலுமான ஜயந்த் நார்லிகர் எங்கே இருந்தார் தெரியுமா? உதகைக் கருவியை நடத்திய அதே டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில்! அவரை எவரும் தேசத் துரோகி என்னவில்லை. அவரும் உதகைக் கம்பிகளைச் சபிக்கவில்லை. 2025இல் மறையும்வரை, கொதித்த தொடக்கம் ஒன்று உண்டென்னும் பெருவெடிப்புக் கொள்கையை மறுத்தே வந்தார். அவர் பக்கம் தவறு என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் எந்த அளவை வைத்து அவரை மறுக்கலாம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

வேதத்தில் விஞ்ஞானம் தேடும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், பிரபஞ்சத்துக்குத் தொடக்கம் உண்டென்ற ஆராய்ச்சியைத் தம் சிருஷ்டிக் கொள்கைக்குச் சாட்சியாக அழைத்தபோது, அதனால் சங்கடப்பட்டவர் பெருவெடிப்புக் கொள்கையின் மூலவரான லெமேத்ரேயே. அவரோ கத்தோலிக்கப் பாதிரியார். மாணிக்கவாசகருக்கும் அந்த மரியாதையைச் செய்வோம் என்கிறேன். வீட்டுக்குள் விழும் வெயிலில் மிதக்கும் தூசிபோல அண்டங்கள் சிறுத்துத் தோன்றும் பெருமானை எண்ணி உருகியவரைப் பிடித்துவந்து, ஹப்பிளுக்கு முன்னோடி என்று சான்றிதழ் கொடுப்பது அவரை உயர்த்துவதா?

நண்பருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். ஆதி வெப்பத்தின் மிச்சத்தை அளந்தவர்கள், தூரம் 32.6 லட்சம் ஒளியாண்டு கூடும்போது வேகம் நொடிக்கு 67 கிலோமீட்டர் கூடுகிறது என்கிறார்கள். லெவிட் அம்மையாரின் நட்சத்திரங்களைப் படிக்கட்டாக வைத்து ஏறியவர்கள் 73 என்கிறார்கள். இன்றுவரை பிணக்கு தீரவில்லை. திருவண்டப்பகுதி உங்களிடம் இருக்கிறது. எது சரி என்று பார்த்து, அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள். தேக்காவில் மாலை வாங்கிவருவது என் பொறுப்பு.