வைத்த இடத்தில் பொருள்

தைப்பொங்கலுக்கு முதல் வாரமும் சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் வாரமும் கொழும்புத் தமிழர் வீடுகளில் ஒரு பெரும் அமளி நிகழ்வதை நேயர்கள் அறிவர். அலுமாரிகள் நகர்த்தப்படுகின்றன, கட்டிலின் கீழிருந்து பெட்டிகள் வெளிவருகின்றன, யன்னல் திரைகள் சவுக்கார நீரில் ஊறுகின்றன. இரண்டு நாள் வீட்டார் யாவரும் உழைத்துக் களைக்கின்றனர். மூன்றாம் நாள் வீடு பளிச்சிடுகிறது. முப்பதாம் நாள் பார்த்தால் பழைய கோலம் அப்படியே திரும்பியிருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை மேற்கொள்ளும் இம்முயற்சியால் வீடு துப்புரவாகின்றது என்பதில் ஐயமில்லை, ஆயினும் ஒழுங்காகின்றதா? வேண்டிய பொருள் வேண்டிய வேளையில், விளக்கில்லாத இருட்டிலும், தேடாமற் கைக்கு எட்டுமானால் அவ்வீட்டை ஒழுங்கான வீடு எனலாம். இருட்டு என்றது வெறும் பேச்சுக்காக அன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, தீப்பெட்டி எங்கே, மெழுகுவர்த்தி எங்கே என்று சுவரைத் தடவித் திரிந்த வீடுகள் எத்தனை!

வெள்ளவத்தையிலே காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் தொடர்மாடிகள் நெருங்கி எழுந்துள்ளன. அவற்றில் வாழும் குடும்பங்களிற் பல, போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவை. அங்கே அவர்களுக்கு முற்றம் இருந்தது, பின்வளவு இருந்தது, உடைந்த கதிரையையும் ஓட்டை வாளியையும் போட்டுவைக்க ஒரு கொட்டில் இருந்தது. எதையும் எறிய வேண்டிய தேவை ஏற்படவில்லை. ‘ஒருநாள் உதவும்’ என்று வைத்த பொருள் பின்வளவில் எவர் காலிலும் இடறாமற் கிடந்தது. அந்த மனப்பழக்கம் மட்டும் கொழும்புக்கு உடன்வந்தது, வளவு வரவில்லை. இன்று இரண்டு அறை வீட்டினுள்ளே, ஊரிலிருந்து வந்த ஊறுகாய்ப் போத்தல்களும் பனங்கட்டிக் குட்டான்களும், வெளிநாட்டு உறவினர் அனுப்பிய சாக்லேட் தகரங்களும், அவை வந்த அட்டைப் பெட்டிகளும் ஒன்றின்மேலொன்றாய் ஏறி நிற்கின்றன. அட்டைப் பெட்டியை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், நல்ல பெட்டி என்பதே பதில். நல்ல பெட்டிதான். ஆனால் அது பிடித்துக்கொண்டிருக்கும் இடத்திலே பிள்ளைக்கு ஒரு படிப்பு மேசை போடலாம்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் சென்றால் வேறொரு காட்சி. ஜம்பெட்டா வீதி, புளூமெண்டால் வீதி ஆகியவற்றின் சுற்றாடலில், தோட்டம் என்று வழங்கும் குடியிருப்புகளில், ஓரறை வீடுகள் பல உள்ளன. இரவிலே படுக்கையறையாகும் அவ்வறை, பகலிலே சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் விருந்தினருக்கும் இடமளிக்க வேண்டும். காலையில் பாய் சுருட்டப்படாவிட்டால் தேநீருக்கு அடுப்பு மூட்ட இடமில்லை. ஆகவே பாய்க்கு ஒரு மூலை, பள்ளிக்கூடப் பைக்கு ஓர் ஆணி, கோப்பைகளுக்கு ஒரு தட்டு என எல்லாம் வகுக்கப்பட்டிருக்கின்றன. வெள்ளவத்தை இதனைக் கொட்டாஞ்சேனையிடம் கற்றுக்கொள்ளலாம். இதனால் நெருக்கடி நல்லது என்று எவரும் கருதலாகாது. ஈரச் சுவரும், பலர் கூடிப் பயன்படுத்தும் கழிப்பிடமும், படிக்கும் பிள்ளைக்கு அமைதியின்மையும் எவருக்கும் வாய்க்கக்கூடாதவை. அந்நிலையிலும் ஓர் ஆணி அடித்துப் பையை மாட்டும் அறிவைத்தான் இங்கே பாராட்ட வேண்டியிருக்கிறது.

சிறு செயல்களின் வலிமையை இலங்கையில் நன்கு உணர்ந்தவர்களுள் டாக்டர் மேரி இரத்தினம் முதன்மையானவர். 1873 இல் கனடாவிற் பிறந்த அவர், தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்து 1896 இல் இலங்கைக்கு வந்தார். கொழும்பிலே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நெடுங்காலம் வைத்தியம் செய்தார். 1930 இல் அவர் தொடக்கிய லங்கா மகிளா சமிதி, கிராமத்துப் பெண்களை ஒன்றுகூட்டிக் குழந்தை வளர்ப்பு, சத்துணவு, வீட்டுத் தோட்டம், தையல் முதலியவற்றைக் கற்பித்தது. அதற்கு முன்மாதிரியாக அமைந்தவை கனடாவின் பெண்கள் நிலையங்கள். அவற்றின் பிறப்பிலே ஒரு துயரம் இருக்கிறது. அடலெயிட் ஹூட்லெஸ் என்ற அம்மையார் 1889 இல் தம் ஆண் குழந்தையை இழந்தார். மாசடைந்த பாலே காரணம் என்று கருதப்பட்டது. பாலைத் தூய்மையாகக் காப்பது எப்படி என்பதைத் தாய்மார் யாவரும் அறிந்திருக்க வேண்டும் என்று அவர் புறப்பட்டார். 1897 இல் ஒன்றாரியோ மாகாணத்திலே முதல் நிலையம் உருவாயிற்று. பாற்பாத்திரத்துக்கு ஒரு மூடி! எத்துணைச் சிறிய காரியம்! மேரி இரத்தினம் 1937 இல் பம்பலப்பிட்டி வட்டாரத்திலிருந்து கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார். 1958 இல் மக்சேசே விருதும் பெற்றார். அவர் சமிதியிற் பயின்ற பெண்கள் கற்றதெல்லாம் இத்தகைய சிறு காரியங்களே.

இன்று அத்தகைய மூடி தேவைப்படுவது தண்ணீர்ப் பாத்திரத்துக்கு. 2017 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். நானூறுக்கும் அதிகமானோர் இறந்தனர். கொழும்பு மாவட்டம் மிகவும் பாதிக்கப்பட்டது. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் பருவம் அடைய ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை செல்லும். ஆகவே ஏழு நாளுக்கு ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்ப்பவரிடம் அது பெரும்பாலும் தோற்றுவிடுகிறது. பூச்சட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்னாலுள்ள தட்டு, பொதுக் குழாயடியில் நிரப்பிவைத்த வாளி, மாடத்திலே மறந்துபோன சிரட்டை: பார்க்க வேண்டியவை இவ்வளவே. நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியும் பல மாதம் உயிரோடிருக்கும். ஆதலால் உட்புறத்தை உரஞ்சிக் கழுவ வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் காலையிற் கால் மணி நேரம் இதற்குப் போதும்.

வீட்டிலிருந்து வெளியேறும் குப்பை எங்கே செல்கிறது என்பதையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். 2017 ஏப்ரல் 14 ஆம் திகதி, வீடுகளெல்லாம் கூட்டி மெழுகிப் புத்தாண்டு கொண்டாடிய அதே நாளில், மீதொட்டமுல்லையிற் கொழும்பு நகரத்தின் குப்பைமேடு சரிந்து வீடுகளைப் புதைத்தது. 32 பேர் மாண்டனர். குசினியில் ஒரு வாளிக்குப் பதிலாக இரண்டு வாளி வைத்து, மரக்கறித் தோலை ஒன்றிலும் பிளாத்திக்கையும் கண்ணாடியையும் மற்றதிலும் போடுவது பெரிய தியாகம் ஆகாது.

இவற்றையெல்லாம் செய்வது யார்? பெரும்பாலான வீடுகளில் விடை ஒன்றே: அம்மா. காலை நாலரை மணிக்கு எழுந்து, சோறும் கறியும் கட்டிக்கொடுத்து, தானும் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவரிடம், வீட்டையும் ஒழுங்காக வைத்திருங்கள் என்று வானொலியில் உபதேசிப்பது நியாயமன்று. வீடு ஒழுங்கானால் அவருடைய நேரம் மிஞ்ச வேண்டும். பள்ளிப் பையை இரவிலேயே அடுக்கி வாசலருகே வைப்பது பிள்ளையின் வேலை. எட்டு வயதில் அது இயலும். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்ப்பது தகப்பனுக்கும் இயலும். ‘என் கண்ணாடி எங்கே?’ என்று நாள்தோறும் குரல் கொடுக்கும் பெரியவர்கள், கண்ணாடிக்கென ஒரு லாச்சியைக் குறித்துக்கொண்டால், அந்த வீட்டில் ஒருவரின் கால்களுக்கு ஓய்வு கிடைக்கும். ஒரு மாதத்துக்கு ஒரு வழக்கம் போதும். அது கைப்பழக்கமான பின்னரே அடுத்ததைத் தொடங்க வேண்டும். ஒரே நாளிற் பத்துச் சட்டங்கள் போட்ட வீட்டில் பதினோராம் நாள் ஒன்றும் நடைமுறையில் இராது.

முதல் மாதத்துக்கு எதை எடுப்பது என்று கேட்பவர்களுக்குக் கொழும்புத் தமிழர் வரலாறே விடை வைத்திருக்கிறது. 1983 யூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது, உடுத்த உடையோடு ஓடியவர்கள் பின்னர் மிக வருந்தித் தேடிய பொருள்களுள் நகையை விடக் காகிதங்கள் முன்னின்றன. பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு, காணி உறுதி ஆகியவை. அவை ஒரு பையில் இருந்திருந்தால் கையோடு வந்திருக்கும். ஐந்து இடத்தில் இருந்தமையால் ஐந்தும் எரிந்தன. 2007 யூன் 7 ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கில் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர்; மறுநாள் உயர் நீதிமன்றம் அதனைத் தடுத்து இடைக்காலக் கட்டளை வழங்கியது. போர்க்கால ஆண்டுகளில் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையில் இல்லாதவர் இரவில் நிம்மதியாக உறங்கவில்லை. அக்காலம் சென்றது. எனினும் வெள்ளம், தீ, திடீர் நோய் என்பவை முன்னறிவித்து வருவதில்லை. பாடசாலை அனுமதிக்கும் கடவுச்சீட்டுக்கும் ஓய்வூதியத்துக்கும் இன்றும் அதே காகிதங்களே கேட்கப்படுகின்றன.

ஆகையால் நீர் புகாத உறை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். குடும்பத்தினர் ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், கடவுச்சீட்டு, காணி உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், வங்கிப் புத்தகம், பிள்ளையின் தடுப்பூசிப் பதிவு, முதியவரின் கிளினிக் கொப்பி ஆகியவை அதனுள் இடம்பெற வேண்டும். கிளினிக் கொப்பி அடிக்கடி வெளியே செல்வது. மாலையில் அது உறைக்குத் திரும்பியதா என்று பார்ப்பது ஒருவர் பொறுப்பாகட்டும். உறை எந்த அலுமாரியில், எந்தத் தட்டில் என்பதை வீட்டிலுள்ள பெரிய பிள்ளையும் அறிந்திருப்பது அவசியம். சில வீடுகளில் தகப்பனார் ஒருவருக்கே அது தெரியும். அவர் வைத்தியசாலையில் நினைவின்றிக் கிடக்கும் வேளையிற் குடும்பம் அலுமாரியைக் கவிழ்த்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஓர் அப்பியாசக் கொப்பியிலே ஒவ்வொரு சான்றிதழின் பதிவு இலக்கம், பதிவான திகதி, பதிவுப் பிரிவு ஆகிய மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். மூலப் பதிவு பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் ஏடுகளில் இருக்கிறது. இம்மூன்றும் தெரிந்தவர் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்து இன்னொரு பிரதி பெறுவது எளிது. தெரியாதவருக்காக ஏட்டை ஆண்டு ஆண்டாகப் புரட்டித் தேட வேண்டியிருக்கும். அக்கொப்பியை உறையோடு சேர்த்து வைப்பதிற் பயனில்லை. வெள்ளவத்தையில் இருப்பவர் அதன் பிரதி ஒன்றைக் கொட்டாஞ்சேனையிலுள்ள சகோதரியிடமும், சகோதரி தம்முடையதை வெள்ளவத்தையிலும் கொடுத்து வைக்கலாம். அடுத்த முறை ஒருவர் வீட்டுக்கு மற்றவர் செல்லும் ஞாயிற்றுக்கிழமையே அதற்குப் போதுமான நாள்.