பெயரெச்சமும் ஆங்கிலத் துணைவினைகளும்



மும்பையின் மாதுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் பல தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் தமிழ் மக்களுக்கு ஆங்கில பாஷை ஒருநாளும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. சுருக்கெழுத்தும் தட்டச்சும் பயின்று ரயிலேறி வந்து, கோட்டைப் பகுதிக் கம்பெனிகளில் குமாஸ்தாக்களாக அமர்ந்தவர்களுக்கு அது ஜீவனோபாயம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலைத் தேடித் தாராவிக்கு வந்தவர்களின் சந்ததியாருக்கோ, பெற்றோர் செய்த வேலையையே தாமும் செய்தாக வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்து விடுபடும் வழி. 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் மாதுங்காவில் உருவானதும் இந்தத் தேவையை ஒட்டியே. அத்தகைய கல்விப் பணியில் ஆயுளைச் செலவிட்ட ஓர் ஆங்கில ஆசிரியரின் ஞாபகார்த்தமாக நடைபெறும் இச்சொற்பொழிவில், இலக்கணத்தின் ஒரு சிறு மூலையை மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். பெயர்ச்சொல்லைத் தழுவி வரும் துணைவாக்கியத்தினுள் 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷுட்' முதலிய துணைவினைகள் அமையும் முறையே இன்றைய விஷயம்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். தமிழில் ஒரு பெயருக்கு அடையாக ஒரு செயலைச் சொல்ல வேண்டுமானால், அச்செயலைப் பெயரெச்சமாக்கிப் பெயருக்கு முன்னே வைத்துவிடுகிறோம். செய்த, செய்கின்ற, செய்யும் என மூன்று வாய்பாடுகள். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று அவை கொண்டு முடியும் பெயர்கள் ஆறு. 'நான் எழுதிய பேனா', 'நான் எழுதிய அறை', 'நான் எழுதிய கடிதம்' என்னும் மூன்றிலும் 'எழுதிய' என்ற ஒரே சொல் நின்று, கருவியென்றும் நிலமென்றும் செய்பொருளென்றும் கேட்பவர் தாமே உணர்ந்துகொள்ள இடந்தருகிறது. தாராவித் தமிழரிற் பலருடைய பூர்விகமான திருநெல்வேலியில், இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளின் இந்த விசேஷத்தை எடுத்துக் காட்டினார். ஆங்கிலமோ பெயரை முன்னே நிறுத்தி, 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவற்றுள் ஒன்றைக் கொண்டு இணைத்து, அதன்பின் ஒரு முழு வாக்கியத்தையே வைக்கிறது. அம்முழு வாக்கியத்தில் வினை முற்றாகவே நிற்கும். ஆகையால் துணைவினையும் உருமாறாமல் உள்ளே நுழைந்துவிடும்.

இங்கேதான் நம் பிள்ளைகளுக்கு இடர்ப்பாடு தோன்றுகிறது. நம்மிடம் 'வேண்டும்' என்பதற்கு 'வேண்டிய' உண்டு, 'கூடாது' என்பதற்குக் 'கூடாத' உண்டு, 'முடியும்' என்பதற்கு 'முடிந்த' உண்டு. ஆனால் 'வரலாம்' என்பதற்குப் பெயரெச்சமே கிடையாது. 'வரலாம்' என்று அனுமதி கொடுக்கிறோம், 'மழை வரலாம்' என்று ஐயமும் தெரிவிக்கிறோம். அதைப் பெயருக்கு அடையாக்கப் புகுந்த உடனே 'வரத்தக்க' என்றோ 'வரக்கூடிய' என்றோ வேறு சொல்லைத் தேடுகிறோம். ஆங்கிலத்தில் 'மே' என்ற ஒரே சொல் அனுமதியையும் ஐயத்தையும் சுமந்துகொண்டு துணைவாக்கியத்தினுள்ளும் அப்படியே நிற்பதைக் காணும் மாணவன், எந்த அர்த்தம் என்று மயங்குவது இயல்பே. இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. 'பேசும் கிளி' என்று நாம் சொன்னால், பேச வல்ல கிளி என்பது அந்தச் 'செய்யும்' வாய்பாட்டிலேயே அடங்கிவிடுகிறது. ஆங்கிலேயர் அதனை 'எ பேரட் தட் கேன் டாக்' என்று 'கேன்' சேர்த்துச் சொல்வார்கள். நம் மாணவனோ தமிழின் வழியே சென்று 'கேன்' என்பதை விட்டுவிடுகிறான். விட்டதற்காக அவனைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. அவன் தாய்மொழி அந்தப் பொருளை வினையின் விகுதிக்குள்ளேயே வைத்திருக்கிறது என்பதை யாரேனும் அவனுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

ஆனால் மும்பைத் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளிற் பலருக்கு இல்லாத ஒரு பாக்கியம் இருக்கிறது. அதை நம் ஆசிரியர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம். மாநகராட்சி நடத்தும் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் குழந்தைகூடத் தெருவில் இந்தி பேசுகிறது, கடைவீதியில் மராத்தி கேட்கிறது. 'ஜோ ஜா சக்தா ஹை, வோ ஜாயே' என்பது அதன் காதில் தினமும் விழும் பாணி: போக முடிந்தவன் போகட்டும் என்பது பொருள். இதில் 'ஜோ' என்பது ஆங்கிலத்தின் 'ஹூ' செய்யும் வேலையைச் செய்கிறது; 'சக்தா ஹை' முற்றுவினையாகவே துணைவாக்கியத்தினுள் நிற்கிறது. மராத்தியிலோ இந்த 'ஜோ' அமைப்பும் உண்டு, 'கராய்ச்சே காம்' என்னும்போது நம் 'செய்ய வேண்டிய வேலை' போன்ற எச்ச அமைப்பும் உண்டு. இரண்டு வழிகளும் ஒரே பாஷையில் அருகருகே இருக்கின்றன. தமிழிலேயும் 'யார் யார் வரலாமோ அவர்கள் வரட்டும்' என்று சொல்லும்போது, பெயரெச்சமாக மறுத்த 'வரலாம்' தடையின்றி வந்து அமர்வதைக் காண்கிறோம். ஆகவே கரும்பலகையில் முதலில் இந்த மூன்று மொழிகளின் வாக்கியங்களையும் எழுதி, அதன்பின் ஆங்கில வாக்கியத்தை எழுதினால், பிள்ளை அதைப் புதிதாக மனனம் செய்ய வேண்டியதில்லை. ஏற்கெனவே பேசிக்கொண்டிருப்பதை ஆங்கிலச் சொற்களில் பார்க்கிறது.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டுமே உரிய விஷயமா என்று கேட்பவர்கள், தாராவியில் ஒரு வீட்டுக் கதவில் ஆங்கில நோட்டீசு ஒன்று ஒட்டப்படுவதாக நினைத்துப் பார்க்கட்டும். 'குடியிருப்போர்' என்ற சொல்லைத் தொடர்ந்து 'ஹூ மஸ்ட் வெக்கேட்' என்று காற்புள்ளி இல்லாமல் வந்தால், குடியிருப்போருள் காலி செய்ய வேண்டியவர் சிலர் மட்டுமே என்று ஆகும்; அதே தொடரின் இருபுறமும் காற்புள்ளி இருந்தால், குடியிருப்போர் அனைவருமே காலி செய்ய வேண்டும் என்று ஆகும். ஒரு சிறு புள்ளியின் வாலில் ஒரு குடும்பத்தின் கூரை தொங்குகிறது. இதைத் தமிழில் 'காலி செய்ய வேண்டிய குடியிருப்போர்' என்று பெயர்த்தால் இரண்டு அர்த்தங்களும் ஒன்றாய்க் கலந்துவிடும். பெயர்ப்பவர் முதல் அர்த்தத்துக்குக் 'குடியிருப்போருள் காலி செய்ய வேண்டியவர்கள்' என்றும், இரண்டாவதற்குக் 'குடியிருப்போர் அனைவரும் காலி செய்ய வேண்டும்' என்றும் பிரித்து எழுதியே ஆக வேண்டும். எழுத்தறிந்த ஒரு மகளையோ மகனையோ நம்பித் தெருவே காகிதத்தை நீட்டும் இடங்களில், இந்த பேதத்தைக் கற்றுக்கொடுக்காமல் விடுவது பெருங்குறை என்று கருதுகிறேன்.

துணைவினையே கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் பிரயோகம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மற்ற வினைகளுக்கு உள்ள எச்ச வடிவங்கள் 'கேன்', 'மஸ்ட்' போன்றவற்றுக்கு இல்லை. பாடுகிற பெண்ணை 'த கேர்ல் ஸிங்கிங்' என்று சுருக்கலாம், பாட வல்ல பெண்ணை அவ்விதம் சுருக்க இயலாது. அந்தக் குறையை ஆங்கிலம் 'டு' சேர்ந்த வினையால் ஈடுசெய்கிறது. 'த மேன் டு ஸீ' என்றால் பார்க்க வேண்டிய மனிதர்; 'வாட்டர் டு டிரிங்க்' என்றால் குடிப்பதற்கான நீர். வேண்டும், கூடும் என்ற பொருள்கள் சொல்லாமலே வருகின்றன. 'குடிக்கத் தண்ணீர்', 'வசிக்க வீடு' என்று பழகிய நமக்கு இது மிகவும் சொந்தமான நடை. ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை: வசிக்க வீடு என்பதை 'எ ஹவுஸ் டு லிவ்' என்று நிறுத்திவிடக் கூடாது, கடைசியில் 'இன்' வர வேண்டும். தமிழ்ப் பெயரெச்சம் நிலத்தையும் கருவியையும் உருபில்லாமலே ஏற்கும். ஆங்கிலம் அந்த உருபை இறுதியிலாவது கேட்டு வாங்கிக்கொள்ளும்.

கடந்த காலத்தைப் பற்றிய பிரயோகத்தில் தமிழே நமக்குச் சிறந்த ஆசானாக நிற்கிறது. 'அவன் வந்திருக்க வேண்டும்' என்று முற்றாகச் சொன்னால், வந்திருப்பான் என்ற அனுமானமும் உண்டு, வராமற் போனானே என்ற குறையும் உண்டு. அதையே 'வந்திருக்க வேண்டியவன்' என்று ஆக்கிப் பாருங்கள். அனுமானம் மறைந்து, வராமை ஒன்றே எஞ்சுகிறது. ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் பிரிப்பவை 'மஸ்ட் ஹேவ்', 'ஷுட் ஹேவ்' என்னும் இரு வேறு துணைவினைகள். தோல் பட்டறையில் வேலை செய்த ஒருவர் தம் பாக்கிக் கூலிக்காக ஆங்கிலத்தில் மனு எழுதுவிக்கும்போது, 'கொடுத்திருக்க வேண்டிய பணம்' என்பதை 'ஷுட் ஹேவ் பீன் பெய்ட்' என்று எழுதாமல் 'மஸ்ட் ஹேவ் பீன் பெய்ட்' என்று எழுதிவிட்டால், பணம் கொடுக்கப்பட்டிருக்கும் என்று அவரே ஒப்புக்கொண்டதாகப் படிக்க இடமுண்டாகும். எழுதுகிறவர் முதலில் தமிழில் 'கொடுத்திருக்க வேண்டிய' என்பது போலச் சொல்லிப் பார்க்கட்டும். அந்தப் பெயரெச்சம் வாயில் வந்து நிற்கும் இடத்திலெல்லாம் 'ஷுட் ஹேவ்' என்பதே சரியான சொல்.