முக்கொம்பில் பேசியது

முக்கொம்புக்கு வந்து மீன் வறுவல் சாப்பிடாமல் இதைப் பேசுகிறானே என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்க.

நான் பங்கில் மறைக்கல்வி எடுத்த காலத்தில், ஒரு பையன் திடீரென்று பீடப்பணிக்கு வரமாட்டேன் என்றான். "சோம்பேறிப் பயலே" என்று திட்டினேன். ஏன்டா என்று கேட்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

2017இல் கேரளத்துக் கொட்டியூரில் பதினாறு வயதுப் பெண் குழந்தை பெற்றாள். பங்குச் சாமியாரைக் காப்பாற்ற, பெற்ற தகப்பனே முதலில் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார்! சாமியார் மேல் நமக்குள்ள பயபக்தி அவ்வளவு தூரம் போகும். 2019இல் தலச்சேரி நீதிமன்றம் அந்தச் சாமியாருக்கு 20 ஆண்டு சிறை விதித்தது. பின்னர் உயர் நீதிமன்றம் அதைப் பத்தாகக் குறைத்தது.

2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் யாராயிருந்தாலும் போலீசில் சொல்லியே ஆகணும். ஆயரிடம் சொல்லிவிட்டேன் என்றால் போதாது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸும் மறைமாவட்டந்தோறும் புகார் பெற வழி வைக்கச் சொன்னார். உங்கள் மறைமாவட்டத்தில் அது யார் பொறுப்பு என்று இந்த ஞாயிறே கேளுங்க. 1098 என்ற எண்ணை மறைக்கல்வி வகுப்புக் கதவில், பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் ஒட்டுங்க.

சரி, மீன் ஆறிடும். வாங்க.